முதல் ஃபிரேமில் நின்ற முகம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் கேக் வெட்டிவிட்டு, "இரண்டு வார்த்தை சொல்லுங்கோ அங்கிள்" என்று கேட்டீர்கள். "நல்லா இருங்கோ" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு உங்களில் ஒருத்திக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. என் கடைசி மாதத்தில் ஒரு மரண அறிவித்தலைச் சரிபார்க்கும்போது அவள் நியாயமான ஒரு கேள்வி கேட்டாள். "விடு பிள்ளை, அப்படியே இருக்கட்டும்" என்று கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அந்தக் கடுப்புக்குக் காரணம் 2009ஆம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமை காலை.

அப்போது எங்கள் அலுவலகம் தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், திரைச்சீலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறை, மூன்று பேர். முதலாளி, சுகந்தி, நான். நான் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் அச்சகத்தில் காகிதம் வெட்டிவிட்டு லண்டனுக்கு வந்தவன். இங்கே கல்யாணக் கார்ட்டும் கடைப் பலகையும் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்களை உலகம் முழுதும் தெரியவைத்தது மரண அறிவித்தல் இணையத்தளம். எங்கள் ஆட்கள் காலையில் முகம் கழுவுகிறார்களோ இல்லையோ, யார் போய்விட்டார்கள் என்று பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். ரொறன்ரோவில் ஒருவர் கண்ணை மூடினால் ஒஸ்லோவில் ஒருவர் அரை மணித்தியாலத்தில் அழவேண்டும்.

சுகந்திதான் அறிவித்தல்களைத் தட்டெழுதிச் சரிபார்ப்பவள். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று நீளும் அந்தப் பட்டியலில் உயிரோடு இருப்பவர் யார், போனவர் யார் என்று குடும்பத்தாரைத் துருவித் துருவிக் கேட்பாள். போனவருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடவேண்டும். அதை மறந்தால் மனஸ்தாபம். உயிரோடு இருப்பவருக்குப் போட்டுவிட்டாலோ அலுவலக வாசலில் சண்டை. அவள் அங்கே இருந்தவரை ஒரு பிழையும் போனதில்லை.

அந்த வருடம் அவளுடைய மனநிலை எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். அவளுடைய அப்பா கணக்கு மாஸ்டர். சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். அம்மா அதற்கு முந்தின வருடம் சுகந்தியின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டன் வந்தவர், திரும்பிப் போகமுடியாமல் மகளோடு தங்கிவிட்டார். தைப்பொங்கலுக்குப் பிறகு மாஸ்டரிடமிருந்து ஒரு தொடர்பும் இல்லை. சுகந்தி மற்றவர்களின் சாவுச் செய்தியைத் தட்டெழுதிக்கொண்டே, கைத்தொலைபேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் முகம் மேலே பார்க்க வைத்திருப்பாள். அது அடிக்கும்போதெல்லாம் நானும் கைவேலையை நிறுத்திவிடுவேன்.

இந்த நிலையில்தான் முதலாளிக்கு விளக்கு ஆசை பிடித்தது. "மற்றச் சைட்டில விளக்கு அசைஞ்சு எரியுது, படம் மெல்ல வருது. எங்கட சைட் மட்டும் செத்துப்போய்க் கிடக்கு" என்றார். மரண அறிவித்தல் தளம் செத்துக் கிடக்காமல் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். இணைய அனிமேஷன் மென்பொருளைப் பாடம் பாடமாகச் சொல்லித்தரும் புத்தகம், தலையணைத் தடிப்பு. அந்த மென்பொருள் இன்று எந்தக் கணினியிலும் ஓடாது. அன்று அதுதான் ராசா. பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கியிருந்தார். பின் அட்டையில் செருகியிருந்த சிடியில், யாரோ அதைப் பூனைக்கு விளையாடக் கொடுத்தது போல அவ்வளவு கீறல்.

நான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ரயில் ஏறி மூர்கேற்றில் மாறி வருகிறவன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், அந்தப் புத்தகம்தான் மடியில். நாற்பத்தேழு வயதில் ஒரு பந்தைத் துள்ள வைத்துவிட்டு யாரிடமாவது காட்டவேண்டும் என்று துடித்தேன். ஒவ்வொரு பாடமும் முடிய "மிக நன்று" என்று புத்தகம் பாராட்டும். என்னை அப்படிப் பள்ளிக்கூடத்தில்கூட ஒருவரும் பாராட்டியதில்லை. அந்தப் புகழ்ச்சியில்தான் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

ஒன்பதாம் பாடம் படங்களும் பெயர்களும் வேறு கோப்பிலிருந்து வந்து தாமாக மாறுவதைப் பற்றியது. எங்களுக்கு வேண்டியது அதுதான். "சிடியில் உள்ள மாதிரிப் படத்தைத் திறக்கவும்" என்று புத்தகம் சொன்னது. சிடி சுற்றிச் சுற்றிக் கரகரத்ததே தவிரத் திறக்கவில்லை. அலுவலகப் பொதுக் கோப்புறையில் பழைய ஸ்கேன் படங்கள் கிடந்தன. அதில் ஒரு வயதானவர் வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் இல்லை, எண் மட்டும். முடிந்துபோன பழைய வேலை ஒன்றாக்கும் என்று நினைத்தேன். சைக்கிளை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்து, பக்கத்தில் என் விளக்கை ஏற்றினேன். வடிவாக இருந்தது. யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகந்தி சொல்லியிருப்பாள். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அமைப்புக்கு அனுப்ப அவள் ஸ்கேன் செய்து வைத்த அவளுடைய அப்பாவின் படம் அது.

அதே பாடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கோப்புகள் இறங்கி வரும்வரை திரை வெறுமையாக இருந்தால் பார்ப்பவர் போய்விடுவார், ஆகவே முதல் ஃபிரேமில், அதாவது திரை திறந்தவுடன் தெரியும் காட்சியில், ஏதாவது வைத்திருங்கள் என்று. நல்ல புத்தி. "மரண அறிவித்தல்" என்ற தலைப்பையும் விளக்கையும் அந்த முகத்தையும் முதல் ஃபிரேமில் வைத்தேன். பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். அலுவலகக் கணினியில் கோப்புகள் கண் இமைக்கும் முன்னே திறந்துவிடும், முதல் ஃபிரேம் கண்ணில் படுவதேயில்லை. கண்ணில் படாதது நினைவிலும் நிற்கவில்லை. பத்தாம் பாடம், மெதுவான இணைப்பில் உங்கள் வேலை எப்படித் தெரியும் என்று சோதித்துப் பார்ப்பது. அதைப் புரட்டிவிட்டுப் பதினோராம் பாடத்துக்குப் போய்விட்டேன். எங்கள் இணைப்பு வேகமானதுதானே என்ற எண்ணம்.

முதலாளிக்கும் சுகந்திக்கும் போட்டுக் காட்டினேன். விளக்கு அசைந்தது, படங்கள் மெல்ல வந்தன. சுகந்தி, "அமைதியா இருக்கு அண்ணை" என்றாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்றிவிட்டோம். அன்று மூன்று அறிவித்தல்கள். அதில் ஒருவருக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு ஹரோ பக்கம் தகனம்.

பத்தரை இருக்கும், முதல் அழைப்பு. சுகந்தி எடுத்தாள். ஒரு வயதானவரின் படம் மட்டும் நிற்கிறது, பெயர் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள் என்றாள். என் திரையைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. "அவையின்ர லைன் ஸ்லோ" என்றேன். இரண்டாவது அழைப்பு ஜெர்மனியிலிருந்து, அதே முறைப்பாடு. கண்ணாடி போட்ட ஒரு ஐயா என்று சுகந்தி துண்டில் குறித்தாள். மூன்று அறிவித்தல்களில் இரண்டு பெண்கள், ஒரு இளம் ஆண். கண்ணாடி போட்ட ஐயா யாரும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எனக்கு வந்ததோ எரிச்சல். இரவுபகலாகப் படித்துச் செய்த வேலையை யாரோ குறை சொல்கிறார்கள் என்ற வீம்பு. இருபது நிமிடம் சரியாக ஓடிக்கொண்டிருந்த என் திரையையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து, பிழை அவர்களுடையது என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சுகந்தியின் கைத்தொலைபேசி அடித்தது. பாரிஸிலிருந்து அவளுடைய தம்பி. அவள் "ஓம், சொல்லு" என்றதுதான் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு தம்பி கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, எப்ப நடந்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். நிறம் போன முகம். "அண்ணை, அப்பான்ர படம் ஏன் எங்கட சைட்டில நிக்குது?" என்று கேட்டாள். குரல் உயரவேயில்லை.

வெள்ளைச் சட்டை, சைக்கிள், எண் போட்ட கோப்பு, முதல் ஃபிரேம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. காலையிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறந்ததில் சேர்வர் திணறியிருக்கிறது. கோப்புகள் வந்துசேராத ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிய, மாஸ்டரின் முகம் அசையாமல் நின்றிருக்கிறது. எங்கள் அறையில் மட்டும் அது தெரியவில்லை.

"செய்தி ஒண்டும் வரேல்லை பிள்ளை. பிழை என்ர" என்றேன். அவள் தம்பியிடம் அதையே சொன்னாள். அவன் நம்பவில்லை. எனக்கு மறைக்கிறீர்கள் என்றான். நான் தொலைபேசியை வாங்கி, இன்னார் பேசுகிறேன், படத்தை வைத்தது நான், மடத்தனமாக வைத்தேன் என்று சொன்னபிறகுதான் மூச்சு விட்டான். பிறகு என்னைத் தூசணத்தால் ஏசினான். அவன் ஏசியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்போதுதான் சுகந்தி எழுந்தாள். "அம்மா பிள்ளையோட வீட்டில தனிய" என்றாள்.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு அழைத்தாலும் யோசிப்பார்கள், செத்த வீட்டுக்கு அழைப்பே வேண்டாம். கேள்விப்பட்டால் கிளம்பிவிடுவார்கள். சுகந்தியின் வீடு பத்து நிமிட நடை. படம் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கணினி தெரியாது, ஆனால் வாசல் மணி அடித்தால் திறக்கத் தெரியும்.

நான் போனால் தளத்தைத் திருத்த ஆள் இல்லை. திருத்தி ஏற்ற ஒரு மணித்தியாலமாவது வேண்டும். இருந்து திருத்தினால் சுகந்தி தனியாகப் போகவேண்டும். முழுவதையும் அழித்தால் இரண்டு மணித் தகனத்தின் விபரமும் போய்விடும், யாரோ ஒருவரின் கடைசி முகத்தை யாரோ பார்க்கமுடியாமல் போகும். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, "சேர்வர் பிழை எண்டு சொல்லுவம். மெசினில பழி போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தம்பிக்காரன் பேசியது காதில் நின்றது. மெசின் பிழை என்றால் யார் நம்புவார்கள்? செய்தி வந்திருக்கிறது, குடும்பம் மறைக்கிறது என்றுதான் ஊர் சொல்லும். படத்தை வைத்த கையைக் காட்டினால் ஒழிய அந்த மனிதருக்கு உயிர் திரும்பாது.

எல்லாவற்றையும் அழித்தேன். வெள்ளைத் திரை. மூன்று அறிவித்தல்களையும் அச்சடித்து முதலாளியின் கையில் கொடுத்து, போனில் கேட்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ அண்ணை என்றேன். ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னேரம்வரை அந்த மனிதர் எழும்பவில்லை, தண்ணிகூடக் குடிக்காமல் தகன நேரத்தை வாசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்வேன், அந்த நாளை வைத்து எல்லாவற்றையும் கழித்துவிடலாம்.

நானும் சுகந்தியும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியில் அவள் வீட்டு எண்ணுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். யாரும் எடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்து என்னை ஏசினால் நல்லது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் தெரியாத கார் இரண்டு நின்றது. கதவுக்கு வெளியே செருப்புகள். அதைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள். "அண்ணை, எனக்கு உள்ளுக்குப் போக ஏலாது" என்றாள். நான் கதவைத் தள்ளினேன்.

சோபாவில் நான்கு பெண்கள் வெளிறிய சேலையோடு வரிசையாக இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் பெரிய ஃபிளாஸ்க். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், ஆகவே வருபவர்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவது வழக்கம். ஆனால் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏற்கெனவே ஒரு கோப்பை, ஆவி பறக்கும் தேத்தண்ணி. ஒருத்தரும் வாய் வைக்கவில்லை. அம்மா குசினியிலிருந்து சீனிப் போத்தலோடு வந்துகொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

பிறகுதான் முழுவதும் விளங்கியது. வந்தவர்கள் வழமைப்படி ஒன்றும் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டு இருந்திருக்கிறார்கள். அவரோ, மாஸ்டரைப் பற்றி விசாரிக்க வந்த ஆட்கள், தங்களுக்கும் அங்கே யாரோ இருப்பதால் மனம் தாங்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்து அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டார். குசினிக்குள் நின்றவருக்குப் போன் அடித்தது கேட்கவில்லை. கேத்தல் கொதித்த சத்தத்தில்தான் அந்தப் பெண்களுக்கு உறைத்திருக்கிறது, இந்த மனிசிக்கு ஒன்றும் தெரியாது என்று. தெரியாதவருக்கு யார் முதலில் சொல்வது? நான்கு பேரும் கோப்பையைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருத்தி விம்மியிருப்பாள்.

மகளை வேலை நேரத்தில் வாசலில் கண்டதும் அம்மா சீனிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்பே சொன்னேனே, நான்கு பேர் முன்னால் பேச வராதவன். ஆனால் அன்று பேசினேன்.

"அம்மா, ஐயாவைப் பற்றி ஒரு செய்தியும் வரேல்லை. நல்லதும் வரேல்லை, கெட்டதும் வரேல்லை. வேலை பழகிறதுக்கு எடுத்த படத்தை அறிவித்தலில விட்டிட்டன். அவற்ற படம் எண்டு எனக்குத் தெரியாது. பிழை விட்டது நான்தான். இவையள் அதைப் பாத்திட்டு வந்திருக்கினம்."

அம்மா அந்தப் பெண்களின் சேலையைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்காரப் பெண் அழத் தொடங்கி, இப்படிக் கதை வந்தால் ஆயுசு கூடும் என்று சொல்வார்கள் அக்கா என்றாள். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"செய்தி ஒண்டும் வரேல்லைத்தானே, தம்பி?"

"ஓம் அம்மா. வரேல்லை."

இன்னொரு தரம் அதையே கேட்டார். நானும் இன்னொரு தரம் அதையே சொன்னேன்.

"அப்ப தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.

எல்லோரும் குடித்தோம். எனக்கும் ஒரு கோப்பை தந்தார். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுகந்தி என்னை மன்னித்தேன் என்று சொன்னதில்லை. ஒரு மாதம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். பிறகு ஒருநாள் என் மேசையில் வடை ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். நான் பத்தாம் பாடத்தை மூன்று தரம் படித்தேன். முதல் ஃபிரேமில் "பொறுத்திருங்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்தேன். சில வருடங்களில் அந்த மென்பொருளே ஒழிந்துபோனது. நான் ரயிலில் படித்ததெல்லாம் வீண். உங்கள் மென்பொருள்களும் ஒருநாள் அப்படித்தான் போகும், கவலைப்படாதீர்கள். ஆனால் ஒருவர் போன் எடுத்து, எனக்கு இப்படித் தெரிகிறது என்றால், உங்கள் திரையை நம்பாதீர்கள், அவரை நம்புங்கள். மாதிரிக்கு ஒரு முகம் தேவைப்பட்டால் உங்கள் சொந்த முகத்தை வையுங்கள்.

இனி அந்தக் கேள்வி. என்னுடைய அந்தக் கடைசி மாதத்தில்தான் சுகந்தியின் அம்மா காலமானார். அறிவித்தலைத் தன் கையாலேயே எழுதி, "அண்ணை, நீங்களே போடுங்கோ" என்று என்னிடம் தந்துவிட்டு அவள் செத்த வீட்டுக் காரியங்களைப் பார்க்கப் போனாள். அதில்தான் உன் கண் பட்டது, பிள்ளை. உன் கண் நல்ல கண். "அங்கிள், மாஸ்டரின் அன்பு மனைவியும் எண்டு இருக்கு. அந்த ஐயாவை நாங்கள் ஒருத்தரும் கண்டதில்லையே. முன்னால காலஞ்சென்ற போட மறந்திட்டாவோ? நான் சேர்க்கட்டா?" என்று கேட்டாய்.

சுகந்தி எதையும் மறப்பவள் இல்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகும் மாஸ்டரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. அம்மா கடைசிவரை குங்குமம் வைத்தபடியே இருந்தார், அதோடுதான் போனார்.

அந்த மனிதரை நான் ஒருமுறை கேட்டுக்கேள்வி இல்லாமல் சாகடித்திருக்கிறேன். இரண்டாம் முறை என் கையால் ஏலாது. அதனால்தான் விடு என்றேன்.